முதல் பர்லெஸ்க் ஆட்டம்: கழற்றுவதற்காகத் தைக்கும் உடையும் நான்கு நிமிடக் கணக்கும்

இசைக்கேற்ப உடையை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டும் மேடை ஆட்டம்தான் பர்லெஸ்க். அதை ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்து தொடங்குகிறார்கள். பளபளப்பான கவுன் ஒன்றை வாங்கி, பாட்டைத் தேர்ந்து, ஆடிப் பழகிவிட்டு, கடைசி வாரத்தில்தான் இதை மேடையில் எப்படிக் கழற்றப்போகிறோம் என்று பார்க்கிறார்கள். முதுகு ஜிப் அப்போது கைக்கு எட்டாது. எட்டினாலும் கையுறை போட்ட விரலுக்கு அதன் முனை சிக்காது. கடை உடை உடம்பில் நிற்பதற்கென்றே தைக்கப்பட்டது. மேடை உடைக்கு வேலை இரண்டு: ஆடும்வரை அசையாமல் நிற்கவேண்டும், குறித்த தாளத்தில் ஒரே இழுப்பில் வந்துவிடவேண்டும். அதனால் வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதே சரி. கடைசியில் உடம்பில் மிஞ்சுவது எதுவோ அதை முதலில் செய்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு அடுக்காக வரவேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டது நான்கு நிமிட ஆட்டம், ஐந்து கழற்றல்: மெல்லிய மேலங்கி, இரண்டு கையுறை, பாவாடை, பிரா. முதல் ஆட்டத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். இடுப்பை இறுக்கும் கார்செட்டும், ஸ்டாக்கிங்ஸ் என்னும் நீளக் காலுறையும் இரண்டாவது ஆட்டத்துக்கு இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

உடை வாங்கும் முன் அமைப்பாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்த அரங்கில் எதுவரை கழற்றலாம்? உரிமமும் சட்டமும் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் மார்முனை மறைந்தால் போதும். சில இடங்களில் மார்பின் கீழ்ப்பாதியும் பின்புறமும் மறையவேண்டும் என்பார்கள். பதிலைப் பொறுத்துக் கடைசி அடுக்கின் வடிவமே மாறிவிடும்.

பேஸ்டி

மார்முனையை மறைக்கும் ஒட்டுவில்லைதான் பேஸ்டி. ஆட்டத்தின் கடைசிக் காட்சி இதுதான் என்பதால் நேரம் செலவழிக்கத் தகுந்த வேலை. கடையில் கிடைப்பவை தட்டையாக இருக்கும். உடம்பு வளைவானது, தட்டை வில்லையின் ஓரம் எங்காவது தூக்கிக்கொண்டு நிற்கும், அங்கிருந்துதான் அது பிரியத் தொடங்கும். ஆகவே மிகச் சரிவு குறைந்த கூம்பாகச் செய்யவேண்டும்.

மறைக்கவேண்டிய கருவட்டத்தை அளந்து சுற்றிலும் 1 செ.மீ. கூட்டுங்கள். பலருக்கு 6 முதல் 7.5 செ.மீ. விட்டம் வரும், இங்கே 7 என்று வைத்துக்கொள்வோம். முதலில் காகிதத்தில் வெட்டி வைத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் பக்ரம் என்னும் விறைப்பான துணியிலோ மெல்லிய செயற்கைத் தோலிலோ இரண்டு வட்டம் வெட்டுங்கள். விளிம்பிலிருந்து மையம்வரை ஒரே ஒரு கோடாகக் கீறி, கீறலின் இரு பக்கத்தையும் விளிம்பில் 1.2 செ.மீ. அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, துணிக் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். ஏற்றம் கூடினால் கூம்பு உயரும். அளவுக்கு மீறி உயர்ந்தால் நடுவில் காற்று நின்று, ஒட்டுநாடா விளிம்பில் மட்டும் பிடிக்கும். உள்ளங்கையைக் குவித்து அதில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிந்து உட்கார்ந்தால் சரிவு சரி.

குஞ்சம் வைப்பதாக இருந்தால் கல் ஒட்டுவதற்கு முன்பே வைக்கவேண்டும். கூம்பின் உச்சியில் ஊசியால் துளையிட்டு, மீன்பிடிக் கயிற்றில் மாட்டும் சிறிய சுழலி ஒன்றை நைலான் நூலால் நாலைந்து சுற்றுத் தைத்து, உள்பக்கம் முடிச்சிட்டு, முடிச்சின்மேல் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். சுழலி இல்லாமல் நேரே துணியில் தைத்தால் குஞ்சம் பத்துச் சுற்றில் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். பிறகு பின்பக்கம் முழுவதும் மெல்லிய லைனிங் ஒட்டுங்கள். முடிச்சு தோலை உரசினால் ஒத்திகையிலேயே புண்ணாகும்.

இனி கல். தட்டை அடிப்பாகம் கொண்ட ரைன்ஸ்டோன், எஸ்எஸ்20 அளவு, குறுக்கே சுமார் 4.7 மி.மீ. இருக்கும். 7 செ.மீ. வட்டத்தை நெருக்கமாக நிரப்ப ஒரு பக்கத்துக்கு 175 முதல் 200 கல் பிடிக்கும். கல்லை 144 கொண்ட கட்டாக விற்பார்கள். இரண்டு கட்டு போதாது, மூன்று வாங்கினால் இரண்டு பக்கமும் முடிந்து உதிர்ந்ததற்கு மாற்றும் மிஞ்சும். விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக வாருங்கள். வெளி வளையத்தில் மட்டும் சுமார் 40 கல் வரும். அது நேராக அமைந்தால் உள்ளே எல்லாம் தானே அமையும். இடைவெளிகளில் அதைவிடச் சிறிய எஸ்எஸ்12 கல்லைச் செருகினால் அடித்துணி தெரியாது. அப்படியும் கொஞ்சம் தெரியத்தான் செய்யும், ஆகையால் அடித்துணியைக் கல்லின் நிறத்திலேயே எடுங்கள்.

பசைக்கு ஈ6000 போன்ற, காய்ந்த பின்னும் வளைந்துகொடுக்கும் வகை ஏற்றது. அதன் கரைப்பானை மூச்சில் இழுப்பது கெடுதல். ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று வெளியே போகும்படி உட்கார்ந்து வேலை செய்யுங்கள். முழுதாகக் காய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். வாடை மிச்சம் இருக்கும்வரை தோலில் படவிடாதீர்கள். காற்றோட்டமான இடம் இல்லையென்றால், துணியில் கல் ஒட்டவென்றே விற்கும் நீர்க்கலவைப் பசை எடுத்துக்கொள்ளலாம். காய்வது மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி கல்லின் பளபளப்பை மங்கவைக்கும், காய்ந்தால் கண்ணாடிபோல இறுகி, வில்லை வளைந்தவுடன் கல்லைத் தெறிக்கவிடும். சூட்டுப் பசைத் துப்பாக்கியில் ஒட்டிய கல்லும் நிலைக்காது, நகத்தால் நெம்பினாலே வந்துவிடும். பசைச் சொட்டு கல்லின் பாதி அளவு இருக்கட்டும். கல்லை அழுத்தியதும் சுற்றிலும் முடியிழை அளவுக்குப் பசை எட்டிப் பார்க்கவேண்டும். மேலே ஏறினால் ஒளி செத்துவிடும்; எட்டிப் பார்க்கவே இல்லையென்றால் அந்தக் கல் முதல் மேடையிலேயே உதிரும்.

குஞ்சத்தின் நீளம் 10 செ.மீ.யில் தொடங்கலாம். நூல் இலேசாக இருந்தால் சுற்றாது. நுனியில் சிறு மணிகள் கோத்துக் கொஞ்சம் கனம் கூட்டுங்கள். சுற்றுவது நெஞ்சின் வேலை என்று பலர் நினைத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அசைவு காலிலிருந்து வருகிறது. பாதங்களை இடுப்பகலம் விரித்து, முழங்காலை இளக்கி, குதிகாலைத் தாளத்துக்குத் தூக்கித் தூக்கி வையுங்கள். தோள் பின்னால் இருக்கட்டும். வேகத்தை மாற்றாமல் பிடித்துக்கொண்டால் குஞ்சம் தானாகவே வட்டத்துக்கு வரும். அவசரப்பட்டால் ஊசலாடும், வட்டம் அடிக்காது.

ஒட்டுவதற்கு விக் ஒட்டும் இருபக்க நாடா நல்லது. அகலம் 1 செ.மீ. வரும்படி ஆறு துண்டு வெட்டி, மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஆரங்களாகப் பதித்து, விளிம்பைச் சுற்றியும் ஒரு வரிசை ஓட்டுங்கள். நாடா விளிம்புக்கு 2 மி.மீ. உள்ளே நிற்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிராவின் உட்புறம் அதில் ஒட்டி, பிராவோடு பேஸ்டியும் சேர்ந்து வந்துவிடும். மேடையில் பேஸ்டி விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், வியர்வை அடுத்ததுதான். அதிகம் வியர்ப்பவர்கள் நாடகக்காரர்கள் மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் பயன்படுத்தலாம். அது தீப்பிடிக்கக்கூடியது, தோலுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். நாடாவோ பசையோ, எதுவானாலும் முன்கையின் உட்புறத்தில் சிறிது வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டே நெஞ்சில் வையுங்கள். தரைவிரிப்பு ஒட்டும் நாடா உறுதியானதுதான், ஆனால் உரிக்கும்போது தோலையும் கூட்டிக்கொண்டு வரும்.

பிரா

கடை பிராவின் பின்பக்கம் இரண்டு கொக்கி, மூன்று வரிசைக் கண்ணி இருக்கும். நிலைக்கண்ணாடி முன் நின்று இரண்டு கையாலும் நிதானமாக அவிழ்க்க ஏற்றது. ஒரு கையால், சிரித்துக்கொண்டே, தாளத்தில் அவிழ்க்க ஏற்றதல்ல. அந்தக் கொக்கிப் பட்டையை வெட்டிவிட்டு, நீச்சலுடையில் வரும் 15 அல்லது 20 மி.மீ. ஒற்றைக் கொக்கியைத் தையுங்கள். பட்டையில் இருக்கும் எலாஸ்டிக்கின்மேல் உறுதியான ரிப்பனை வைத்துத் தைத்து நீட்சியைக் குறைக்கவேண்டும். எலாஸ்டிக் இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் ஒற்றைக் கொக்கியைத் தளர்த்தி எடுக்க இடமே கிடைக்காது. நீளும் துணியில் ஒட்டிய கல்லும் நிற்காது, கொக்கியின் பக்கத்தில் 3 செ.மீ. வரை கல் வைக்காதீர்கள்.

கப்பின் உட்புறம் லேஸாக இருந்தால் வழுவழுப்பான சாட்டின் லைனிங் வைத்து மூடிவிடுங்கள். குஞ்சத்தை உள்ளே மடிக்கும்போது குறுக்காகப் பரப்பாமல் கீழ்நோக்கிச் சுருட்டி வைத்தால் கம்பியில் சிக்காமல் விழும்.

தோள்பட்டை வார் எல்லோரும் மறக்கும் இடம். கொக்கியை அவிழ்த்த பிறகும் வார் முழங்கையில் தொங்கிக்கொண்டிருக்கும். கொக்கிக்கு முன்பே இரண்டு வாரையும் ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து இறக்கி, கையை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். அதுவே நல்ல காத்திருப்பும் ஆகிறது. பிறகு ஒரு கை பிராவை முன்னால் பிடித்திருக்க, மறுகை பின்னால் போய்க் கொக்கியை எடுக்கும். கடைசிக் கணம்வரை பிரா விழாது, எடுப்பவர் விரும்பும் நொடியில்தான் விலகும்.

பாவாடை

இந்த ஆட்டத்தில் கூட்டத்தின் குரல் பெரும்பாலும் இங்கேதான் எழும், ஆகவே டிச் பட்டன் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. டிச் பட்டனைப் பக்கவாட்டில் இழுத்தால் எளிதில் திறக்காது; ஓரத்தைத் தூக்கி உரித்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்பட்டென்று திறக்கும். இடுப்புப் பட்டையில் ஆடும்போது விழும் இழுப்பு பக்கவாட்டு இழுப்பு. கழற்றும் கை மட்டும் உரிக்கிறது. ஆகையால் மூன்று பட்டன்களை இடுப்பைச் சுற்றி ஒரே கோட்டில் வரிசையாக வைத்தால், ஆடும்போது மூன்றும் சேர்ந்து பாரம் தாங்கும், கழற்றும்போது ஒவ்வொன்றாகத் தோற்கும். மேலும் கீழுமாக அடுக்கி வைத்தால் மூன்றையும் ஒரே நேரத்தில் உரிக்கவேண்டிவரும், கை வலிக்கும், பட்டை கிழியும்.

பாவாடை உட்காரும் இடத்தில், அதாவது இடுப்பெலும்பின்மேல், சுற்றளவு எடுங்கள். 88 செ.மீ. என்றால் 4 செ.மீ. அகலமுள்ள கனமான, குறுக்குவரி ஓடிய குரோகிரெய்ன் ரிப்பன் 99 செ.மீ. வெட்டவேண்டும்: சுற்றளவு 88, மேலேறல் 9, இருமுனை மடிப்புக்கு 2. துணியின் அகலம் சுற்றளவைப்போல ஒன்றரை மடங்கு. மடிப்பு வைத்துப் பட்டையில் ஏற்றுங்கள். மடிப்பு இடுப்பின் இருபுறத்திலும் பின்புறத்திலும் கூடி நிற்கட்டும், வயிற்றின்மேல் வேண்டாம். நீளம் செருப்பைப் போட்டுக்கொண்டு அளந்து, தரையிலிருந்து 3 செ.மீ. மேலே நிற்கும்படி வெட்டுங்கள். தரையைத் தொட்டால் குதிகால் அதை மிதிக்கும்.

திறப்பு பழகிய கையின் பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால். 15 மி.மீ. உலோக டிச் பட்டன் மூன்று, இடையே 1 செ.மீ. விட்டு. குமிழ் உள்ள பாதி மேல்மடலின் உட்புறம், குழி உள்ள பாதி கீழ்மடலின்மேல். மெழுகு தடவிய இரட்டை நூலில் துளைக்கு ஐந்து தையல், ரிப்பன்வரை ஊசி இறங்கவேண்டும். சாட்டினில் மட்டும் பிடித்த பட்டன் மூன்றாம் இழுப்பில் துணியோடு வரும். மேல்மடலின் நுனியில் 3 செ.மீ. நீளத்துக்கு ரிப்பன் வளையம் ஒன்று நீட்டி விடுங்கள். இருட்டில் விரல் தேடுவது அதைத்தான். கண்ணால் பார்க்காமல் அது கைக்குச் சிக்கவேண்டும். மணிகள் கனமாகத் தைத்த பாவாடை என்றால் மூன்று பட்டன் தாங்காது, ஒரு தட்டைப் பாவாடைக் கொக்கி சேர்க்கவேண்டும். அப்போது கழற்றல் இரண்டு அசைவாகும் என்பதை ஆட்டத்தில் கணக்கில் வையுங்கள்.

வெல்க்ரோ சுலபமாகத் தெரியும். அது போடும் கரகரச் சத்தம் இசையைத் தாண்டிக் கேட்கும், வலைத்துணியையும் மற்ற உடைகளையும் பிடித்து நூல் உருவும். இதற்கு அது உதவாது.

தைத்து முடித்ததும் சோதனை: இருபது முறை உட்கார்ந்து எழுந்து, இடுப்பை இருபக்கமும் வேகமாக அடித்து, இரண்டு பக்கமும் ஒரு முழுச்சுற்று. தானாகத் திறந்தால் பட்டன் ஒன்று கூட்டுங்கள். இரண்டு கை தேவைப்பட்டால் நடுப் பட்டனைப் பிரித்துவிடுங்கள். திறந்த பாவாடையைக் காலடியில் விழவிடாதீர்கள். உயரக் குதிகாலோடு துணிக்குவியலிலிருந்து வெளியே கால் வைக்கும்போதுதான் விழுகிறார்கள். வளையத்தைப் பிடித்த கை அப்படியே முன்னால் இழுத்துக்கொண்டு போக, உடம்பு எதிர்ப்பக்கம் சுழன்று வெளியேறட்டும்.

கோட்டும் சட்டையும் கழற்றும் ஆட்டத்துக்கும் இதே வழிதான். சட்டைப் பட்டனை வெட்டி எடுத்து, காஜாவின்மேலேயே வெளிப்புறமாகத் தைத்துவிட்டு, அடியில் சிறிய டிச் பட்டன் வையுங்கள். மணிக்கட்டுப் பட்டனை மறக்கவேண்டாம். சட்டை முழுக்கத் திறந்த பிறகு இரண்டு கையும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடப்பது.

கையுறை

புஜத்தின் நடுவரை வரும் நீளம், நீளும் தன்மையுள்ள சாட்டின், ஒரு அளவு பெரியது. கல் வைத்தால் முன்கையின் வெளிப்பக்கம் மட்டும். உள்ளங்கையிலும் விரல் இடுக்குகளிலும் வைத்தால் துணி மடங்காது. மோதிரம் கூடாது. கைக்கு க்ரீம் கூடாது, சோளமாவு சிறிது தூவிக்கொள்ளலாம்.

பலர் நேரே விரல் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். புஜத்தில் துணி பிடித்துக்கொண்டு ரப்பர்போல நீள்கிறதே தவிர வருவதில்லை. முதலில் மேல்முனையை முழங்கைக்குக் கீழே மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு சுண்டுவிரலிலிருந்து பெருவிரல்வரை, தாளத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு நுனியையும் ஒரு விரலகலம் இழுத்து விடுங்கள். ஐந்தும் தளர்ந்த பின் நடுவிரலைப் பிடித்து ஒரே நீண்ட இழுப்பு. பல்லால் இழுப்பதானால் துடைத்தாலும் போகாத வகை உதட்டுச்சாயம் வேண்டும்.

1930களில் அமெரிக்க பர்லெஸ்க் கலைஞர் ஜிப்ஸி ரோஸ் லீ புகழ்பெற்றது எவ்வளவு கழற்றினார் என்பதால் அல்ல. பேச்சும் நகைச்சுவையும், ஒரு கையுறைக்கும் ஓர் ஊசிக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரமும்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டன. புதியவர்கள் கையுறையை முன்னுரைபோல அவசரமாக முடித்துவிடுவது பெரிய இழப்பு. பயிற்சிக்கு இதைவிட நல்ல உருப்படி கிடையாது.

இப்போது தள்ளிவைத்த இரண்டைப் பற்றி. முன்பக்க உலோகப் பட்டைகொண்ட கார்செட்டைத் திறக்க, இரு பாதியையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தவேண்டும். பின்கயிறு இறுகியிருந்தால் அழுத்த இடமே இருக்காது. கயிற்றை எவ்வளவு தளர்த்திக் கட்டுவது என்பது பழகித்தான் வரும். கழற்றிய பின் தோலில் சிவந்த கோடுகள் தெரியும். ஸ்டாக்கிங்ஸுக்குச் செருப்பு முதலில் கழலவேண்டும், கணுக்கால் வார் பக்கிள் நடுங்கும் விரலுக்கு எளிதல்ல, அதன் பிறகு காலுறையோடு வழுக்கும் தரையில் நிற்கவேண்டும். இரண்டும் அழகானவை. முதல் மேடைக்குப் பாரம்.

அறுபது எட்டு

நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் எட்டு எண்ண 4 விநாடி ஆகும். நான்கு நிமிடத்தில் அறுபது எட்டு. காகிதத்தில் 1 முதல் 60 வரை கட்டம் போட்டு, இப்படிப் பங்கிடலாம்: நுழைவு 8, மேலங்கி 6, நடை 4, முதல் கையுறை 8, இரண்டாவது 4, நடு ஆட்டம் 8, பாவாடை 6, ஆட்டம் 4, பிரா 9, முடிவு நிலை 3. இரண்டாவது கையுறைக்குப் பாதி நேரமே கொடுத்திருக்கிறது, கூட்டம் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டது. அதே வேகத்தில் மறுபடி செய்தால் கவனம் கலையும். 90 தட்டுள்ள மெதுவான பாட்டு என்றால் நான்கு நிமிடத்தில் 45 எட்டுதான் கிடைக்கும், ஆட்டப் பகுதிகளைக் குறையுங்கள், கழற்றலைக் குறைக்காதீர்கள்.

ஒவ்வொரு கழற்றலிலும் நான்கு படி உண்டு. கை உடையைத் தொட்டு, இதுதான் அடுத்தது என்று காட்டுகிறது. பிறகு கை விலகுகிறது, கண் கூட்டத்திடம் போகிறது. மீண்டும் வந்து எடுக்கிறது. எடுத்ததை எங்கே வைப்பது என்பது நான்காவது. புதியவர்களிடம் இரண்டாவது படி அநேகமாக இருப்பதே இல்லை, நான்காவது தற்செயலாக நடக்கிறது. எட்டில் முதல் ஆறு எண்ணிக்கையைக் காத்திருப்புக்குக் கொடுத்து ஏழில் எடுத்துப் பாருங்கள், அதே அசைவு வேறாகத் தெரியும். எடுத்ததை மேடையின் பக்கவாட்டுப் பின்புறம் போடுங்கள். நடுவில் கிடந்தால் மீதி ஆட்டம் முழுக்க அது காலுக்கு வலை. முன்விளிம்பில் போட்டால் கூட்டத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

பாட்டின் கோப்பு வேவ் அல்லது 320 கேபிபிஎஸ் எம்பி3. தொடக்கத்தில் ஒரு விநாடி அமைதி, முடிவில் தேயாமல் ஒரே அடியில் நிற்கும் வெட்டு. தேய்ந்து மறையும் முடிவில் விளக்கை எப்போது அணைப்பது என்று விளக்காளருக்குத் தெரியாது. கோப்பின் பெயரில் மேடைப்பெயரும் நீளமும் இருக்கட்டும். ஒன்றை முன்கூட்டி அனுப்பி, ஒன்றைப் பென்டிரைவில் கையில் வைத்திருங்கள். விளக்குக் குறிப்பு மூன்று வரி போதும்: தொடக்கம் இருட்டிலா வெளிச்சத்திலா, எந்த நிறம், எந்த அடியில் அணையவேண்டும். சிவப்பு உடைமேல் முழுச் சிவப்பு விளக்கு விழுந்தால் தையலும் மடிப்பும் தெரியாமல் ஒரே படலமாகிவிடும். இளஞ்சிவப்பும் அம்பரும் பெரும்பாலான தோல் நிறத்துக்கு நன்றாக அமைகின்றன. பச்சையைத் தவிருங்கள்.

ஒத்திகை

முதல் வாரம் சாதாரண உடையில் கட்டத்தை மனப்பாடம் செய்யலாம். அதன் பிறகு முழு உடை, அதே செருப்பு, அதே நகநீளம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கொக்கியையும் வளையத்தையும் பத்து முறை தேடி எடுங்கள். ஒருமுறையாவது வேகமாக ஓடி வியர்த்துவிட்டு உடனே ஆடிப் பாருங்கள். ஈரக்கையில் கையுறையும் நாடாவும் என்ன செய்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். நிலைக்கண்ணாடியை விட்டு ஒளிப்பதிவுக்கு மாறுங்கள். கண்ணாடி முன் பழகியவர் மேடையில் தன்னையே தேடிக்கொண்டு நிற்பார். கண்ணுக்கு மூன்று இடம் வையுங்கள்: இடதுகோடி, நடு, வலதுகோடி. கழற்றும் நொடியில் மட்டும் கண் உடைக்குப் போகக்கூடாது. போனால், கொக்கி சிக்கியிருக்கிறது என்று கூட்டம் படித்துவிடும்.

உண்மையிலேயே சிக்கினால்: இரண்டு முயற்சி, அதற்குமேல் அந்த எட்டில் வேண்டாம். நடந்து, அடுத்த எட்டில் திரும்பி வாருங்கள். மூன்றாவதும் தோற்றால் அந்த உருப்படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பட்டியலில் இருந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பேஸ்டி விழுந்தால் உள்ளங்கையால் மூடி, அதையே அடுத்த நிலையாக்கி, பாட்டின் முடிவுவரை போங்கள். கையால் மூடி முடிப்பதும் முடிவுதான். மன்னிப்புக் கேட்கும் முகம் மட்டும் வேண்டாம்.

பிறருடைய தனிமுத்திரை ஆட்டத்தை எடுக்காதீர்கள். சாலி ராண்டின் இறகு விசிறி 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் புகழ்பெற்றது, விசிறி ஆட்டம் இன்று எல்லோருக்கும் பொது. லிலி செயிண்ட் சிரின் நுரைக்குளியல், டீட்டா வான் டீஸின் பெரிய மார்ட்டினி மதுக்கோப்பை ஆகியவை பெயரோடு ஒட்டியவை. மரியாதை செலுத்தும் ஆட்டம் என்றால் யாருக்கு என்று அறிவிப்பில் சொல்லவேண்டும். உயிரோடிருப்பவர் என்றால் கேட்டுவிட்டுச் செய்யவேண்டும். வழிபாட்டுக்குரிய உடையையோ மற்றொரு சமூகத்தின் சடங்கு உடையையோ கழற்றும் பொருளாக்காதீர்கள்.

மேடை நாள்

காலையிலிருந்து உடம்பில் எண்ணெயும் க்ரீமும் இல்லை. இறுக்கமான எலாஸ்டிக் உடுப்பை மூன்று மணி நேரம் முன்பே மாற்றித் தளர்வாக உடுத்துங்கள், தோலில் தடம் மறையட்டும். அரங்குக்குப் போனதும் செருப்போடு மேடை முழுக்க நடந்து பாருங்கள். வழுக்கினால் அடிப்பாகத்தை உப்புத்தாளால் உரசுங்கள். தசையைச் சூடேற்றும் பயிற்சியை முதலில் முடித்து, வியர்வையைத் துடைத்து, ஆல்கஹாலால் தோலைத் துடைத்துக் காயவிட்டு, பிறகே பேஸ்டி. ஒட்டியதும் உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்தி வையுங்கள், உடம்புச் சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். கண்ணருகே வைக்கும் மினுக்குத்தூள் ஒப்பனைக்கென்று விற்பதாக இருக்கவேண்டும். கைவினைத் தூளின் கூர்முனை கண்ணைக் கீறும். மேடையில் தூவுவதாக இருந்தால் அமைப்பாளரிடம் கேளுங்கள், அடுத்து வருபவர் அதில் வழுக்கக்கூடாது.

ஆட்டம் முடிந்ததும் உடைகளைப் பொறுக்குபவரை கிட்டன் என்பார்கள். அவரிடம் எண்ணிக்கையும் இடமும் சொல்லுங்கள்: "ஐந்து உருப்படி, நான்கு இடதுபின்புறம், பாவாடை வலதுபின்புறம், உதிர்ந்த கல் எதுவும் கிடந்தால் எடுத்துவிடுங்கள்." பையில் ஊக்கு, தோல் நிறத்திலும் கறுப்பிலும் நூல் கோத்த ஊசி, நாடா, கத்தரி, மாற்று பேஸ்டி ஒரு ஜோடி, ஈரத்துடைப்பான் இருக்கட்டும். உடைமாற்றும் அறையில் கேமராவை எடுக்காதீர்கள். மற்றவர் உடையைக் கேட்காமல் தொடாதீர்கள். படம் எடுப்பதும் வெளியிடுவதும் யார், எங்கே என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

பேஸ்டியை உரித்து எடுக்கக்கூடாது. விளிம்பில் குழந்தை எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, கீழிருந்து மெதுவாக உருட்டுங்கள். ஸ்பிரிட் கம் என்றால் அதற்கான நீக்கி வேண்டும். வில்லையின் பின்பக்கம் மிஞ்சிய நாடாவை அன்றே எடுத்துவிட்டு, எண்ணெய்த் தடத்தை ஆல்கஹாலால் துடைத்து, கூம்பு நசுங்காதபடி சிறு டப்பாவில் பஞ்சு வைத்துப் போடுங்கள். கையுறையையும் பிராவையும் உட்புறம் வெளியே திருப்பித் தொங்கவிடுங்கள். கல் வைத்த உடையை ஊறவைக்கமுடியாது. வாடைக்கு உட்புறத்தில் வோட்காவைத் தெளித்துக் காயவிடுவதே உடையாளர்கள் செய்யும் வழி, ஓரத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு. உதிர்ந்த கல்லை மறுநாளே ஒட்டிவிடுங்கள். அடுத்த ஒத்திகைக்கு முன் 72 மணி நேரம் காயவேண்டும்.